நுழைவுத் தேர்வு வேதியியல்: எல்லையோர வாசகர் கேள்விகள்

கேள்வி: பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது பிளஸ் டூ. கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வான கீம், தேசிய அளவிலான ஜே.இ.இ. மெயின் இரண்டும் எழுதப் போகிறேன். வேதியியலுக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் மட்டும் போதுமா? வினாத்தாளைத் தமிழில் வாங்கலாமா?
- மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: புத்தகம் முக்கால்வாசிக்குக் கை கொடுக்கும். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பாடங்களைக் குறைத்து வெளியான புதிய பதிப்பில் பதினொன்றாம் வகுப்புக்கு 9, பன்னிரண்டாம் வகுப்புக்கு 10 என மொத்தம் 19 பாடங்களே உள்ளன. பி தொகுதித் தனிமங்கள் இரண்டு வகுப்பிலிருந்தும் போய்விட்டன. ஜே.இ.இ. மெயின் பாடத்திட்டத்திலோ அவை, அதாவது 13 முதல் 18 வரையிலான தொகுதிகள், இருக்கின்றன. புதுப் புத்தகத்தை வரி விடாமல் படித்தவர்கள்கூட இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். சீனியர் யாரிடமாவது பழைய பதிப்பை வாங்கி அந்தப் பாடங்களைப் படியுங்கள். திண்ம நிலை, புறப்பரப்பு வேதியியல், பாலிமர், உலோகவியல் ஆகியவை ஜே.இ.இ. மெயினில் இப்போது இல்லை. பழைய புத்தகம் கையில் இருக்கிறதே என்று அவற்றில் நேரத்தைக் கொட்டாதீர்கள். கீமுக்கு, நுழைவுத் தேர்வு ஆணையர் அந்த ஆண்டு வெளியிடும் பாடத்திட்டத்தை எடுத்து ஒவ்வொரு தலைப்பாக டிக் செய்துகொள்ளுங்கள். போன வருடப் பட்டியலை நம்ப வேண்டாம்.

மொழி விஷயம்: கீம் வினாத்தாள் ஆங்கிலத்தில்தான். ஜே.இ.இ. மெயினைத் தமிழில் எழுதலாம். ஆனால் அதற்குத் தேர்வு மையம் தமிழ்நாடு, புதுச்சேரி அல்லது அந்தமானில் இருக்க வேண்டும். பாலக்காட்டில் மையம் எடுத்தால் தமிழ் வராது, கோயம்புத்தூர் எடுத்தால் வரும். பிளஸ் டூவை ஆங்கிலத்தில் படிக்கும் உங்களுக்கு ஆங்கிலத் தாளே நல்லது என்பது எங்கள் கருத்து. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பதும் விதி.

கேள்வி: ஆந்திர நுழைவுத் தேர்வான ஈ.ஏ.பி.செட், ஜே.இ.இ. இரண்டுக்கும் தயாராகிறேன். இயற்பிய வேதியியல் கணக்குகளில் வழிமுறை சரியாக இருக்கிறது, விடை மட்டும் தப்பிப் போகிறது. ஏன்?
- மாணவர், குப்பம்

பதில்: பெரும்பாலும் அலகில்தான் சறுக்கல். ஒரு கணக்கைப் பாருங்கள். என்தால்பி மாற்றம் மைனஸ் 40 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு மைனஸ் 100 ஜூல், வெப்பநிலை 300 கெல்வின். 300-ஐ 100-ஆல் பெருக்கினால் 30,000 ஜூல், அதாவது 30 கிலோஜூல். மைனஸ் 40-லிருந்து மைனஸ் 30-ஐக் கழித்தால் கிப்ஸ் ஆற்றல் மாற்றம் மைனஸ் 10 கிலோஜூல். வினை தானாக நடக்கும். ஜூலைக் கிலோஜூலாக மாற்ற மறந்தால் 29,960 என்று பிளஸ்ஸில் வந்து நிற்கும், விடை தலைகீழாகிவிடும். என்தால்பியைக் கிலோஜூலிலும் என்ட்ரோபியை ஜூலிலும் கொடுப்பதுதான் வழக்கம். ஆகவே எண்களைப் பிரதியிடும் முன் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள். வாயு மாறிலியும் இதே கதைதான்: ஆற்றல் கேட்டால் 8.314, லிட்டரும் வளிமண்டல அழுத்தமும் வந்தால் 0.0821.

இரண்டாவது இடம், ஜே.இ.இ.யின் எண் விடைக் கேள்விகள். 0.02 மோலால் சோடியம் குளோரைடு கரைசலின் உறைநிலைத் தாழ்வு என்ன? முழுமையாகப் பிரிகிறது என்று கொண்டால் வான்ட் ஹாஃப் காரணி 2. 2, நீரின் உறைநிலைத் தாழ்வு மாறிலி 1.86, 0.02 மூன்றையும் பெருக்கினால் 0.0744. கேள்வியில் '10-இன் அடுக்கு மைனஸ் 2, அருகிலுள்ள முழு எண்' என்று இருந்தால் விடை 7. மைனஸ் 3 என்று இருந்தால் 74. பலர் 0.07 என்று தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். கடைசி வரியை முதலில் படித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குவது இதற்கு நல்ல பழக்கம்.

கால்குலேட்டர் கிடையாது. மடக்கையில் 2-க்கு 0.301, 3-க்கு 0.477, 7-க்கு 0.845 இந்த மூன்றும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். 4, 5, 6, 8, 9 எல்லாம் இவற்றிலிருந்தே வந்துவிடும். முதல் வகை வினையில் 75 சதவீதம் முடிய 2 அரை ஆயுட்காலம், 99.9 சதவீதம் முடிய ஏறத்தாழ 10. இதைப் பூஜ்ய வகை வினைக்குப் போட்டுவிடாதீர்கள். அங்கே 75 சதவீதத்துக்கு 1.5 அரை ஆயுட்காலம்தான்.

கேள்வி: தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போடலாமா?
- மாணவர், வண்டிப்பெரியார்

பதில்: தேர்வுக்குத் தேர்வு மாறும். கீமில் 5 விடைகள்; சரிக்கு 4 மார்க், தப்புக்கு 1 குறையும். ஒன்றுமே தெரியாமல் 5 கேள்விக்குப் போட்டால் சராசரியாக ஒன்று சரி, நாலு தப்பு. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் தைரியமாகப் போடுங்கள். ஜே.இ.இ.யில் 4 விடை என்பதால் ஒன்றை நீக்கினாலே போடலாம். எண் விடைக் கேள்வியில் ஊகம் வேண்டாம், அதிலும் தப்புக்கு 1 மார்க் போகும். ஈ.ஏ.பி.செட்டில் தப்புக்குக் குறைப்பு இல்லை. வேதியியலின் 40 கேள்வியில் ஒன்றைக்கூடக் காலியாக விடாதீர்கள்.

கேள்வி: கரிம வேதியியல் வினைகளை எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் பத்து நாளில் மறந்துவிடுகிறது.
- மாணவி, நகரி

பதில்: வினையின் பெயரைப் பிடித்துக்கொண்டு படிப்பதால்தான் மறக்கிறது. சேர்மத்தை நடுவில் வையுங்கள், வினைபொருளையும் சூழலையும் சுற்றி எழுதுங்கள். டொலுவீனை எடுத்துக்கொள்வோம். குளோரினை வெளிச்சத்தில் செலுத்தினால் பக்கச் சங்கிலியில் சேர்ந்து பென்சைல் குளோரைடு. அதே குளோரின், இருட்டில் ஃபெரிக் குளோரைடோடு சேர்ந்தால் வளையத்தில் ஆர்த்தோ, பாரா குளோரோடொலுவீன். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் காரத்தில் காய்ச்சி அமிலம் சேர்த்தால் பென்சாயிக் அமிலம். குரோமைல் குளோரைடு போட்டு நீராற்பகுத்தால் பென்சால்டிஹைடோடு நிற்கும். கேள்வி எடுப்பவர் விளையாடுவது 'வெளிச்சத்தில்', 'இருட்டில்' என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான். அம்புக்குறியின் மேலும் கீழும் இருப்பதை அடிக்கோடிட்டுப் பழகுங்கள்.

காரணத்தோடு படித்தால் விதிவிலக்கும் நிற்கும். அனிலினை நேரடியாக நைட்ரோ ஏற்றம் செய்தால் பாரா 51 சதவீதம் வந்தாலும் மெட்டா 47 சதவீதம் வருகிறது. அமைன் தொகுதி ஆர்த்தோ, பாராவுக்குத்தானே அனுப்பும்? அமிலத்தில் அது புரோட்டான் ஏற்று அனிலினியம் அயனி ஆகிவிடுகிறது; அந்த அயனி மெட்டாவுக்கு அனுப்பும். ஃபிரீடல்-கிராஃப்ட்ஸ் வினை அனிலினில் நடக்காததும் இதற்கு உறவுதான்: அதன் வினையூக்கியான அலுமினியம் குளோரைடு நைட்ரஜனோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

கேள்வி: எஸ்டேட் வேலை. மகனைப் பெரிய கோச்சிங்கில் சேர்க்க வசதியில்லை. வீட்டிலிருந்தே முடியுமா?
- ஒரு தகப்பனார், மூணாறு

பதில்: முடியும், ஐயா. ஜே.இ.இ. பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் தேர்வை நடத்தும் என்.டி.ஏ.வின் தளத்தில் இலவசம், கைபேசியில் இறக்கிக்கொள்ளலாம். மோல் கருத்து, அணு அமைப்பு, பிணைப்பு, சமநிலை என்ற வரிசையில் தொடங்கச் சொல்லுங்கள். இவை உறுதியானால்தான் மின்வேதியியலும் கரைசல்களும் ஏறும். கரிம வேதியியலுக்குத் தினம் அரை மணி, விடுமுறை இல்லாமல். வாரம் ஒரு நாள் கடிகாரம் வைத்து 25 நிமிடத்தில் 30 கேள்வி போடட்டும். கீமில் 180 நிமிடத்துக்கு 150 கேள்வி, அதில் கணக்கு மட்டும் 75. வேதியியலை 25 நிமிடத்தில் முடித்தால்தான் கணக்குக்கு நேரம் மிஞ்சும். தப்பான ஒவ்வொன்றையும் தனி நோட்டில் எழுதி, தெரியாததா, அலகா, அவசரமா என்று பக்கத்தில் குறிக்கட்டும்.

கேள்வி: செய்முறை வேதியியலிலிருந்தும் கேள்வி வருமாமே? எங்கள் பள்ளி லேபில் பாதி வினைபொருள் இல்லை.
- மாணவர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: ஜே.இ.இ. பாடத்திட்டத்தில் அது தனித் தலைப்பாகவே உண்டு. லேபில் செய்ய முடியாவிட்டாலும் ஒவ்வொரு படியும் எதற்கு என்று தெரிந்தால் போதும். உப்புப் பகுப்பாய்வில் மூன்றாம் தொகுதிக்கு அம்மோனியம் ஹைட்ராக்சைடுக்கு முன்பே அம்மோனியம் குளோரைடு ஏன்? பொது அயனி விளைவால் ஹைட்ராக்சைடு அயனி குறைகிறது. இரும்பும் அலுமினியமும் மட்டும் வீழ்படிவாகும், மக்னீசியம் கரைசலிலேயே தங்கும்.

கரிமச் சேர்மத்தில் நைட்ரஜன், கந்தகம், ஹாலஜன் இருக்கிறதா என்று பார்க்கும் லாசைன் சோதனையில், சில்வர் நைட்ரேட் சேர்க்கும் முன் அடர் நைட்ரிக் அமிலத்தோடு கொதிக்க வைப்பது சயனைடையும் சல்ஃபைடையும் விரட்டத்தான். விரட்டாவிட்டால் அவையும் வெள்ளியோடு வீழ்படிவாகி ஹாலஜன் இருப்பதுபோல் ஏமாற்றும். நைட்ரஜனோடு கந்தகமும் சேர்ந்திருந்தால், நைட்ரஜனுக்கு வழக்கமாக வரும் நீல நிறத்துக்குப் பதில் ரத்தச் சிவப்பு வரலாம். ஹைட்ரசீனில் கார்பனே இல்லை, ஆகவே சயனைடு உண்டாகாது. அதில் நைட்ரஜன் இருந்தும் சோதனை காட்டாது. நைட்ரஜனின் அளவைக் காணும் கெல்டால் முறையை நைட்ரோ, அசோ சேர்மங்களுக்கும் பிரிடின் போன்ற வளைய நைட்ரஜனுக்கும் பயன்படுத்த முடியாது. அந்த நைட்ரஜன் அம்மோனியம் சல்ஃபேட்டாக மாறுவதில்லை. அவற்றுக்கு டூமா முறை.