உப்பைக் கூட்டினால் தக்காளி இனிக்குமா?

கேள்வி: பசுமைக்குடிலில் கோகோபீட் பைகளில் தக்காளி வளர்க்கிறேன். காய்ப்புக்குக் குறையில்லை, பழமும் பெரிசுதான், ஆனால் வாயில் போட்டால் சப்பென்று இருக்கிறது. உரக் கரைசலின் இ.சி.யை ஏற்றினால் இனிப்பு கூடும் என்கிறார்கள். உப்பைக் கூட்டினால் எப்படி இனிக்கும்?

பதில்: இனிக்கும், சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் உப்பு எதையும் புதிதாகக் கொண்டுவந்து பழத்தில் சேர்ப்பதில்லை, தண்ணீரைத்தான் குறைக்கிறது. இ.சி. என்பது கரைசலில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மின்கடத்தலை வைத்துச் சொல்கிற எண் (உப்பு என்றதும் சமையல் உப்பை மட்டும் நினைக்காதீர்கள், நீங்கள் உரமாகக் கரைக்கிற கால்சியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் சல்பேட்டும் உப்புகள்தான்). அந்த எண் ஏற ஏற, வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். தக்காளியில் 94, 95 சதவீதம் தண்ணீர். அதன் வரத்து குறைகிற அளவுக்கு இலையிலிருந்து இறங்குகிற சர்க்கரை குறைவதில்லை, அதனால் பழம் சிறுத்து, சாறு கெட்டிப்படுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 100 கிராம் பழம், பிரிக்ஸ் (சாற்றில் கரைந்திருப்பது எத்தனை சதவீதம் என்ற அளவு) 4.5 என்றால், சர்க்கரை, அமிலம் எல்லாம் சேர்த்துச் சுமார் 4.5 கிராம் கரைந்திருக்கிறது. அதே 4.5 கிராம் 75 கிராம் பழத்துக்குள் அடங்கினால் பிரிக்ஸ் 6. இந்த ஒன்றரைப் புள்ளி நாக்குக்கு நன்றாகவே தெரியும், அமிலமும் கூடவே ஏறுவதால் வெறும் தித்திப்பாக இல்லாமல் தக்காளிக்கே உரிய புளிப்போடு வரும். சரி, காணாமல் போன அந்த 25 கிராம்? அதைப் பற்றித்தான் யாரும் முதலில் பேச மாட்டார்கள். இ.சி. 2.5, 3-ஐத் (மீட்டர் காட்டும் mS/cm அலகில்) தாண்டியபின் ஒவ்வொரு புள்ளிக்கும் விளைச்சலில் 5 முதல் 10 சதவீதம் வரை போகலாம். எடை போட்டு விற்கிறவர், சுவைக்கென்று தனியாக யாரும் கூடுதலாகத் தரப்போவதில்லை என்றால், இந்த வேலையில் இறங்கவே வேண்டாம் என்பேன். செர்ரித் தக்காளி போடுகிறவர்கள் தாராளமாக முயலலாம், எப்படியும் சின்னப் பழம், உப்பையும் நன்றாகவே தாங்கும்.

முயல்வதென்றால் நாற்று நட்டதுமே ஏற்றாதீர்கள். முதலில் செடி இலையும் வேருமாகத் தேறட்டும், இரண்டு மூன்று கொத்துகளில் காய் பிடிக்கட்டும், அப்புறம் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக 4, 4.5 வரை போங்கள். ஏற்றிய மறுநாளே பறித்துச் சுவைத்துவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று கேட்காதீர்கள். முழுசாகப் பருத்துவிட்ட காயில் பெரிய மாற்றம் வராது, ஏற்றிய பிறகு பருக்கிற காய்களில்தான் வித்தியாசம் தெரியும். அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும்.

கேள்வி: நானும் அதைத்தான் செய்தேன், 2.5-லிருந்து ஒரே நாளில் 6. இப்போது காய்களின் அடிப்பக்கம் வட்டமாகக் கறுத்துத் தோல் போல உள்வாங்குகிறது. கரைசல் தொட்டியில் கால்சியம் நைட்ரேட்டை இன்னும் கூட்டட்டுமா?

பதில்: வேண்டாம், வேண்டாம். அது நுனி அழுகல், பெயரில் அழுகல் இருந்தாலும் கிருமி காரணமில்லை. காயின் முனைக்குக் கால்சியம் போய்ச் சேராததுதான் காரணம். கால்சியம் தண்ணீரோடுதான் ஏறும், தண்ணீரோ அதிகம் ஆவியாகிற இலைப் பக்கமே ஓடும், காய்க்கு மிச்சம்தான். நீங்கள் உப்பை ஏற்றி அந்த மிச்சத்தையும் குறைத்துவிட்டீர்கள். இப்போது தொட்டியில் கால்சியத்தைக் கொட்டினால் இ.சி. இன்னும் ஏறும், வேர் இன்னும் திணறும். தொட்டியில் கால்சியம் இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது.

இ.சி.யை 3-க்கு இறக்குங்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் நாலைந்து மணி நேரம் நீர்த்த கரைசலைக் கொடுத்து, சாயங்காலத்துக்கு மேல் கெட்டியானதைக் கொடுக்கிறவர்களும் உண்டு, அது நல்ல யோசனை. குடிலுக்குள் காற்று வறண்டு சூடாக இருந்தால் நிழல்வலை போட்டு ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். கரைசலில் அம்மோனியம் உரம் இருந்தால் குறைத்துவிடுங்கள், அது கால்சியத்தை உள்ளே வரவிடாமல் போட்டி போடும். ஏற்கெனவே கறுத்த காய் தேறாது, கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: இ.சி.யை ஏற்ற உரத்துக்குப் பதில் சமையல் உப்பே போதாதா?

பதில்: சுவைக்கு என்று பார்த்தால் போதும். வேருக்குத் தண்ணீர் இழுப்பது கஷ்டமாக வேண்டும், அவ்வளவுதானே. லிட்டருக்கு 1 கிராம் உப்பு போட்டால் இ.சி. ஏறக்குறைய 2 ஏறும். ஆனால் பையிலிருந்து வடிகிற நீரைத் திரும்பத் திரும்பச் சுற்ற விடுகிறவர்கள் இதைத் தொடாதீர்கள். செடி நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் எடுத்துக்கொள்ளும், சோடியத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். சில வாரங்களில் மீட்டர் அதே 4-ஐக் காட்டும், ஆனால் அதில் பாதி சோடியமும் குளோரைடும்தான், செடிக்குச் சாப்பாடு இருக்காது. மீட்டருக்கு எந்த உப்பு என்று தெரியாது, எவ்வளவு என்றுதான் தெரியும்.

கேள்வி: தொட்டியில் 3 இருக்கிறது, ஆனால் இலைகள் மதியத்தில் துவள்கின்றன. ஏன்?

பதில்: தொட்டியை விடுங்கள், பையின் அடியில் வடிகிற நீரைப் பிடித்து அளந்து பாருங்கள். வெயில் காலத்தில் செடி உப்பை விடத் தண்ணீரை வேகமாகக் குடிக்கும், பைக்குள் உப்பு தேங்கி வடிநீர் 5, 6 கூடக் காட்டும். வேர் இருப்பது அதற்குள்தான். கொடுக்கிற கரைசலில் 20, 30 சதவீதம் வெளியே வடிகிற மாதிரி விட்டால் தேக்கம் கழுவிப் போகும். மீட்டரையும் ஒருமுறை 1.413 என்று அச்சிட்ட அளவுத் திரவத்தில் சரிபாருங்கள். பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு உப்பு என்ற கணக்கு) காட்டுகிற மீட்டர் என்றால் இன்னொரு குழப்பம்: இ.சி. 2-ஐ ஒரு மீட்டர் 1000 என்னும், இன்னொன்று 1400 என்னும், இரண்டும் பொய் சொல்லவில்லை, இ.சி.யைப் பெருக்கும் எண்தான் வேறு.