ஊசியைக் கண்டாலே நடுங்கும் இதயநோய்ப் பிள்ளை: எது நோய், எது பயம்?

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடம். என் மகனுக்குப் பத்து வயது. பிறவியிலேயே இதயக் கோளாறு. ஆறு வயதில் உலோக வால்வு வைத்தார்கள். அதன் பிறகு வலிப்பும் சேர்ந்துகொண்டது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், வலிப்புக்கு லெவெடிரசெட்டம் சாப்பிடுகிறான். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அதற்கு முதல் நாளே வயிற்றுவலி, வாந்தி என்று தொடங்கிவிடுவான். நாலு பேர் பிடித்தாலும் அடங்க மாட்டான். இப்போது பள்ளிக்கூடமும் போவதில்லை. அவன் அப்பா கடலுக்குப் போகிற ராத்திரிகளில் தூங்குவதே கிடையாது. 'அம்மா, என் நெஞ்சு நின்னுடுமா' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். இது நோயா, பயமா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா? மாமியார் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய்ச் சில நாள் தங்கச் சொல்கிறார்.

பதில்: இரண்டும்தான், அம்மா. ஆனால் ஒவ்வொரு முறையும் எது என்று ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

வலிப்பே சில பிள்ளைகளுக்குப் பயமாக வரும். நன்றாக விளையாடிக்கொண்டிருப்பவன் காரணமே இல்லாமல் திடீரென மிரள்வான், வெறித்துப் பார்ப்பான், வாயைச் சப்புக்கொட்டுவான், கூப்பிட்டால் பதில் வராது. ஓரிரு நிமிடத்தில் முடிந்து, அப்புறம் குழம்பிப்போய்ச் சோர்ந்து கிடப்பான். மனப்பயம் அப்படி வராது. அதற்கு முன்னால் ஒரு காரணம் இருக்கும், உங்களோடு பேசிக்கொண்டே அழுவான், வெகு நேரம் நீடிக்கும். சந்தேகமாக இருந்தால் செல்போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அது பல மடங்கு உதவும். லெவெடிரசெட்டமும் சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் பதற்றத்தையும் கொண்டுவரும். அளவைக் கூட்டிய பிறகுதான் இதெல்லாம் அதிகமானதா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு கட்டுக்கடங்காமல் போகும்.

சில அறிகுறிகளைப் பார்த்தால் பயமா நோயா என்று யோசிக்கவே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்: வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல், மயக்கம், உதடு நீலமாதல், நிற்காத ரத்தக்கசிவு, தலையில் பலமான அடி, ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு. இதய மருத்துவரிடம் கேட்டு, உங்கள் மகனுக்கு என்று ஒரு பக்கத் தாளில் இவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் உங்கள் பதற்றமே பாதி குறையும். நீங்கள் பதறினால் அவனும் பதறுவான்.

இனி ராத்திரிக் கதைக்கு வருகிறேன். உலோக வால்வு ஒவ்வொரு துடிப்புக்கும் 'டிக்' என்று மூடும். பகலில் அது தெரியாது. வீடு அடங்கி, அப்பாவும் இல்லாத ராத்திரியில் தலையணையில் காதை வைத்தால் அவனுக்கு அது கேட்கும். கேட்கக் கேட்க எண்ணத் தொடங்குவான். எண்ணிக்கை தவறினால் நின்றுவிட்டதோ என்று திடுக்கிட்டு எழுவான். அவனிடம் கேட்டுப் பாருங்கள், அனேகமாக இதைச் சொல்வான். 'அந்தச் சத்தம் வந்தா வால்வு ஒழுங்கா மூடுதுன்னு அர்த்தம்' என்று பகலில், விளையாட்டு வேளையில் சொல்லிக் கொடுங்கள். ராத்திரி மின்விசிறியையோ மெல்லிய பாட்டையோ ஓடவிடுங்கள். சத்தத்தைக் கவனிக்கிற வேலை உங்களுடையது. தினமும் ஒரே நேரத்தில் ஒரு முறை காது வைத்துக் கேளுங்கள், போதும். வழக்கமான சத்தம் திடீரென மங்கிப்போனால் மட்டும் உடனே மருத்துவமனை. நள்ளிரவில் நாலு தடவை எழுந்து அவன் மூக்கில் கைவைத்துப் பார்க்காதீர்கள். அவன் விழித்திருந்து அதைப் பார்க்கிறான்.

'நின்னுடுமா' என்ற கேள்விக்கு ஒரு முறை உண்மையாகப் பதில் சொல்லுங்கள்: 'டாக்டர் போன மாசம் பார்த்தாங்க, வால்வு நல்லா இருக்கு, மாத்திரை அதைக் காப்பாத்துது.' திரும்பத் திரும்பக் கேட்டால், 'பதில் சொல்லிட்டேன் தம்பி, இப்ப பயம்தான் கேக்குது' என்று சொல்லி, முதுகைத் தடவிக்கொடுத்து நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சமாதானம் சொன்னால், அந்தச் சமாதானம் இல்லாமல் தூங்க முடியாது என்று ஆகிவிடும். மாலையில் விளக்கு வைத்த பிறகு கால் மணி நேரம் ஒதுக்கி, அன்றைய கவலையெல்லாம் அப்போது கொட்டிவிடலாம் என்று பழக்குங்கள். இன்னொன்று, படகு பிடிபட்டது, ஆட்களைக் கைது செய்தார்கள் என்கிற பேச்சு உங்கள் கரையில் வாரம் தவறாமல் ஓடும். அது அவன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா கிளம்பும்போது அவனிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் தூங்கும்போது நழுவிப்போக வேண்டாம்.

ஊசிக்கு வருவோம். வலியை ஒரு பிள்ளை மறந்துவிடும். ஏமாற்றி இழுத்துப்போய்ப் படுக்கவைத்துப் பிடித்ததை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. ஒரு முறை திருடன் புகுந்த வீட்டு நாய் அதன் பிறகு பூனை போனாலும் குரைப்பது போலத்தான் இப்போது அவன் உடம்பு. 'ஊசி இல்லை, சும்மாதான் போறோம்' என்று இனி ஒரு முறைகூடச் சொல்லாதீர்கள். முதல் நாள் காலையில் சொல்லுங்கள், எங்கே, எந்தக் கையில், எவ்வளவு நேரம் என்று. லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த, தோலை மரத்துப்போகச் செய்கிற களிம்பு இருக்கிறது. குத்துகிற இடத்தில் ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடிவைக்க வேண்டும். சில இதய மருந்துகளோடு அது ஆகாது என்பதால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். படுக்கவைக்க வேண்டாம், உங்கள் மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்து ஒரு கையை மட்டும் நீட்டச் செய்யுங்கள். எந்தக் கை என்பதை அவன் முடிவு செய்யட்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தத்திலேயே பார்க்கிற கருவியும் உண்டு. உங்கள் மகனுக்கு அது சரிவருமா என்று இதய மருத்துவரைக் கேளுங்கள்.

கூடவே, ஊசியே இல்லாத நாட்களில் பயிற்சி வேண்டும். முதலில் பரிசோதனைக்கூடம் இருக்கிற தெருவில் நடந்து வாருங்கள். அடுத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு முறுக்கைத் தின்றுவிட்டு வாருங்கள். வீட்டில் அவன் உங்கள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிப் பஞ்சால் துடைக்கட்டும், அப்புறம் நீங்கள் அவனுக்கு. ஒவ்வொரு படியிலும் பயம் கொஞ்சம் இறங்கும்வரை இருந்துவிட்டுக் கிளம்புங்கள். உச்சத்தில் இருக்கும்போது தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், ஓடினால்தான் தப்பிக்கலாம் என்று மனம் பதிந்துவிடும். பள்ளிக்கும் இதே முறைதான்: முதல் வாரம் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா கரையில் இருப்பார். கடினமான படிகளை அப்போது வைத்துக்கொள்ளலாம். அப்பா மடியில் உட்கார்ந்து கொடுக்கிற ரத்தத்துக்கு ஒரு தெம்பு உண்டு.

யாராவது வேகவேகமாக ஆழ மூச்சு இழுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிலவகை வலிப்பை அது தூண்டிவிடும். மூச்சை அடக்கி வைக்கிற பயிற்சியும் அவன் இதயத்துக்கு வேண்டாம். சாதாரணமாக இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விடட்டும், அவ்வளவுதான்.

தூக்க மாத்திரை வேண்டாம். அல்பிரசோலம் போன்றவை சில பிள்ளைகளை இன்னும் கிளர்ந்தெழச் செய்யும். பழகிய பிறகு திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும். சளி மருந்தைக் கொடுத்துத் தூங்கவைக்கிற பழக்கமும் வலிப்புள்ள பிள்ளைக்கு ஆகாது. பயம் மிகக் கடுமையாக இருந்து, பயிற்சி மட்டும் போதாமல் போனால், மனநல மருத்துவர் செர்ட்ரலின், ஃப்ளூஆக்ஸடின் போன்ற மருந்தை யோசிப்பார். இவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும், ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டிவரலாம். அதனால் இதய மருத்துவரும் மனநல மருத்துவரும் கட்டாயம் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். பேசவைக்கிற பொறுப்பு பெரும்பாலும் உங்கள் மேல்தான் விழும். எல்லா மருந்துச் சீட்டையும் ஒரே கோப்பில் வைத்து இருவரிடமும் நீட்டுங்கள்.

மாமியாரின் நம்பிக்கையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஏர்வாடிக்குப் போய்த் தொழுதுவிட்டு, கயிறு கட்டிக்கொண்டு அன்றே திரும்பி வாருங்கள். நாள்கணக்கில் தங்கும்போது வார்ஃபரின் தவறும். தவறினால் வால்வில் ரத்தக்கட்டி உருவாகலாம். யாராவது கொடுக்கிற நாட்டு மருந்தும் வார்ஃபரினோடு மோதும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் கருகிப் போனார்கள். மனநலப் பாதிப்பு உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அதையும் அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

எங்கே போவது? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கான மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தையும் அங்கேயே விசாரியுங்கள். பஸ் ஏற முடியாத நாளில், நடுராத்திரியில்கூட, 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை எண்ணுக்கு, காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே. அவனுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், உங்களுக்காகவும் பேசுங்கள். நீங்களும் பல மாதங்களாகத் தூங்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

கடைசியாக ஒன்று. இவ்வளவு வேதனைப்படுகிற பிள்ளைகள் சில சமயம் 'நான் செத்துட்டா உங்களுக்கு நிம்மதி' என்று சொல்வார்கள். திட்டவோ பேச்சை மாற்றவோ வேண்டாம். 'சாகணும்னு தோணுதா தம்பி?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எப்படி இருந்தாலும் வார்ஃபரின் டப்பாவை இன்றே பூட்டிவைத்து, வேளைக்கு வேளை உங்கள் கையாலேயே எடுத்துக் கொடுங்கள்.