பில்லியர்ட்ஸ் பந்தில் விழுந்த கீறலையும் பள்ளத்தையும் தேய்த்துச் சரிசெய்ய முடியுமா?

கேள்வி கேட்டவர் ஆபீஸில் உள்ள பூல் டேபிளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பந்தெல்லாம் மங்கிவிட்டன, வெள்ளைப் பந்தில் கீறலும் ஒன்றிரண்டு குட்டிப் பள்ளமும் இருக்கின்றன, வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்டுத் தேய்த்தால் பழையபடி ஆகுமா என்கிறார்.

வாட்டர் பேப்பர் வேண்டாம். பாலிஷ் போடலாம், ஆனால் அதற்கும் முன்னால் ஒரு தடவை பந்துகளைக் கழுவிப் பாருங்கள். பழுது என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி வெறும் அழுக்காகத்தான் இருக்கும்.

எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ஒரு டேபிள் இருக்கிறது, ஆறு வருஷமாக அதன் பந்துகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதல் நாள் பெட்டியைத் திறந்தபோது பதினாறு பந்தும் சாம்பல் பூத்துக் கிடந்தன. புது செட் வாங்கிவிடலாம் என்று கமிட்டியில் முடிவாகிற நேரத்தில், ஒரு பழைய கிளப்பில் மார்க்கராக, அதாவது ஆட்டத்தில் புள்ளி குறிக்கிறவராக, இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் (எங்கள் பிளாக்கில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார்) வெள்ளைப் பந்தை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்து, டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, மெதுவாக உருட்டிக் காட்டினார். விளக்கு பந்தின் மேல் ஒரு வளைந்த வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு கலங்கித் தெரிந்தால் அழுக்கு அல்லது மெல்லிய கீறல், ஓர் இடத்தில் அறுந்து நெளிந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது என்றார். அப்புறம் அந்த இடத்தில் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷில் சரியாகிவிடும், மாட்டினால் ஆகாது. இன்றுவரை நான் இந்த இரண்டு சோதனையை வைத்துத்தான் முடிவு எடுக்கிறேன்.

கழுவுவது பெரிய வேலை இல்லை. பிளாஸ்டிக் டப்பின் அடியில் ஒரு துண்டை விரித்துவிட்டு (பந்துகள் ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது), வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு சொட்டு விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, அலசி, உடனே துடைத்துவிடுங்கள். தானாகக் காயட்டும் என்று விட்டால் போர்வெல் தண்ணீரின் உப்பு வட்ட வட்டமாகப் படிந்துவிடும், எங்களுக்கு அப்படி ஆகியிருக்கிறது. பிளீச், அசிட்டோன், நகப் பாலிஷ் அழிக்கிற திரவம் எதுவும் பந்துப் பக்கம் வர வேண்டாம். எங்கள் கமிட்டியில் ஒருவர் குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி விபூதி போட்டுத் துலக்கலாம் என்றார், பற்பசை என்றார் இன்னொருவர். இரண்டுமே தேய்க்கிற பொருள், எவ்வளவு தேய்கிறது என்பது நம் கையில் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் ஒரு நாள் பளபளக்கும், மறுநாள் டேபிளில் உள்ள சாக் தூள் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தச் சாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பந்து மங்குவதற்கும் கீறல் விழுவதற்கும் இது ஒரு முக்கியமான காரணம். க்யூ (பந்தை அடிக்கிற கோல்) நுனியில் தடவுகிற நீலக் கட்டி பள்ளிக்கூடச் சாக்பீஸ் இல்லை. அதில் சிலிக்காவும் அலுமினியம் ஆக்ஸைடும் இருக்கின்றன, உப்புத்தாளில் இருக்கிற அதே அலுமினியம் ஆக்ஸைடு. அந்தத் தூள் துணியில் விழுந்து, பந்துகள் அதன் மேலேயே உருண்டு, ஒன்றோடொன்று மோதி, தங்களைத் தாங்களே அரைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு அடியிலும் பங்கெடுக்கிற ஒரே பந்து வெள்ளைதான், அதனால் முதலில் கெடுவதும் அதுதான். இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. மோதுகிற புள்ளியில் சாக் பொட்டு இருந்தால் இரண்டு பந்தும் ஒரு கணம் பற்றிக்கொள்ளும், சத்தமே மந்தமாகக் கேட்கும், நாம் குறிவைத்த பந்து கோட்டை விட்டு விலகிப் போகும். ஸ்னூக்கர்காரர்கள் கிக் என்பது இதைத்தான். ஆடுகிறவர் தன் கை சரியில்லை என்று நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார், பாவம்.

சரி, கழுவிய பிறகும் மங்கலாக இருந்தால் பில்லியர்ட்ஸ் பந்துக்கென்றே விற்கிற கிளீனர், அது கிடைக்காவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் பாலிஷ் போதும். ஒரு சொட்டு விட்டு, பந்தின் எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்த்து, வேறு சுத்தமான துணியால் பூச்சு எதுவும் மிஞ்சாமல் துடைத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: மலிவான செட்டுகளில் நம்பர் மேலாக அச்சடித்ததாக இருக்கும், அழுத்தித் தேய்த்தால் நம்பரே போய்விடும். பெல்ஜியத்தில் செய்கிற அராமித் மாதிரி ஃபீனாலிக் ரெசின் (ஒருவகைக் கெட்டியான பிளாஸ்டிக்) பந்துகளில் நம்பரும் ரெசினாகவே உள்ளே வார்க்கப்பட்டிருப்பதால் அந்தப் பயம் இல்லை. பழைய ஃபீனாலிக் பந்து லேசாக மஞ்சளாகியிருந்தால் விட்டுவிடுங்கள், அது வயசு.

இப்போது வாட்டர் பேப்பர் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், போட்டி விதியில் அதற்கு அனுமதிக்கிற வித்தியாசம் 0.127 மில்லிமீட்டர்தான். பள்ளம் 0.1 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மறைய வேண்டுமானால் பந்து முழுவதையும் அந்த அளவுக்கு இறக்க வேண்டும், விட்டத்தில் 0.2 போய்விடும், எடையிலும் ஒன்றரை கிராமுக்கு மேல் போகும். அதையும் கையால் சுற்றிலும் ஒரே சீராகச் செய்ய யாராலும் முடியாது. பள்ளம் உள்ள இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே தட்டையாகிவிடும், மெதுவாக உருளும்போது பந்து நேராகப் போகாமல் விலகிப் போகும். பள்ளம் இருந்த பந்தாவது நேராக ஓடிக்கொண்டிருந்தது.

தேய்த்துச் சரிசெய்வது என்ற யோசனை தந்தப் பந்துக் காலத்தில் சரியாக இருந்தது. ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டிய 1880களில் நல்ல பந்து என்றால் தந்தம்தான், அது ஈரத்துக்கும் வெயிலுக்கும் கோணிக்கொள்ளும், கடைசலில் கொடுத்து மறுபடி உருட்டி எடுப்பார்கள், ஒவ்வொரு தடவையும் செட் முழுவதும் கொஞ்சம் சிறுத்துப்போகும். ரெசின் பந்து அப்படிக் கோணுவதில்லை. அதைச் சூடுபடுத்தி இளக்கவும் முடியாது, ஒரு தடவை இறுகினால் இறுகியதுதான். ஃபெவிக்விக் மாதிரிப் பசையைப் பள்ளத்தில் நிரப்புகிறவர்களும் உண்டு. நாலு பிரேக் (அடுக்கிய பந்துகளைக் கலைக்கிற முதல் அடி) தாங்கும், அப்புறம் பெயர்ந்து துணியில் கிடக்கும்.

அதனால் நகம் மாட்டுகிற பள்ளம் ஒன்றிரண்டு இருந்தால் அப்படியே ஆடுங்கள், வேடிக்கைக்கு ஆடுகிற டேபிளில் பெரிய வித்தியாசம் தெரியாது. மயிரிழை விரிசல் ஓடியிருந்தால் மட்டும் அந்தப் பந்தை எடுத்துவிடுங்கள், பிரேக்கில் உடைந்து தெறிக்கலாம். வெள்ளைப் பந்து தனியாகவே கிடைக்கும், செட் முழுவதும் மாற்ற அவசியமில்லை. வாங்கும்போது விட்டத்தையும் எடையையும் பாருங்கள். காசு போட்டு ஆடுகிற டேபிள்களுக்கென்று கொஞ்சம் பெரியதாகவோ காந்தம் வைத்தோ செய்த வெள்ளைப் பந்துகளும் விற்பனையில் உண்டு, அவை உங்கள் செட்டோடு சேராது. மற்ற பந்துகளை வெர்னியரில் (நுட்பமாக அளக்கிற கருவி) அளந்து, தேய்ந்து சிறுத்திருந்தால் அப்போது முழு செட்டாக மாற்றுவது நல்லது.

எங்கள் பந்துகளில் பள்ளம் எல்லாம் டேபிளில் விழுந்தது இல்லை, பிரேக் அடிக்கும்போது தாண்டி விட்ரிஃபைட் டைல்ஸ் தரையில் விழுந்ததில் வந்தவை. பிரேக் அடிக்கிற முனைக்கு எதிர்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் பாயை விரித்துப் போட்டோம். இரண்டு வருஷமாகப் புதுப் பள்ளம் ஒன்றுகூட விழவில்லை.