முந்திக்கொண்ட பேப்பரும் மழைக்குப் பிந்தைய சாம்பிளும் – கடிதம்

வணக்கம் சார்,

நான் பென்னாகரம் பக்கம். எங்கள் சுற்றுவட்டார போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு பற்றி பிஎச்.டி. செய்கிறேன். மூன்றாம் வருடம், உதவித்தொகை கிடையாது. போன மாதம் வேறொரு குழு இதே வட்டாரத்தை வைத்துப் பேப்பர் போட்டுவிட்டது. என் கையில் இருப்பது 42 கிணறுகளின் கோடைக்கால சாம்பிள் மட்டும். மழைக்குப் பிறகு எடுக்க வேண்டியது பாக்கி. "இனிமேல் காத்திருக்காதே, இருப்பதை மூன்றாகப் பிரித்து அனுப்பு, பணம் கட்டினால் இரண்டு வாரத்தில் வந்துவிடும்" என்கிறார் கைடு. லேபில் இருக்கும் நான்கு பேர் பெயரையும் சேர்க்க வேண்டுமாம். போட்டி இருந்தால்தான் ஆராய்ச்சி வளரும் என்று வேறு சொல்கிறார்கள். நான் மட்டும் காத்திருந்தால் பின்தங்கிவிட மாட்டேனா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

பிறர் முந்திவிட்டால் உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்பதை முதலில் பார்ப்போம். ரயன் ஹில், கரோலின் ஸ்டைன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே புரதத்தின் வடிவத்தைக் கண்டறியப் போட்டியிட்ட குழுக்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவதாக வந்தவர்களின் கட்டுரைகளும் பெரும்பாலும் வெளிவந்தன. பெரிய ஜர்னல் கிடைக்கும் வாய்ப்பும் மேற்கோள்களும் குறைந்தன, ஆனால் விஞ்ஞானிகள் பயந்த அளவுக்கு இல்லை. பிளாஸ் பயாலஜி போன்ற சில ஜர்னல்கள், முதல் கட்டுரை வந்து ஆறு மாதத்துக்குள் வரும் இணையான ஆய்வைப் பழசு என்று தள்ளுவதில்லை என 2018 முதலே அறிவித்திருக்கின்றன.

ஹில், ஸ்டைன் இருவரின் இன்னொரு ஆய்வுதான் உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில். பெயர் வாங்கித் தரும் என்று எல்லோரும் எதிர்பார்க்கும் புரதங்களில் போட்டி அதிகம். அங்கே வேலை சீக்கிரம் முடிகிறது, தரமும் குறைகிறது. புரத வடிவத்தின் தரத்தை எண்ணால் அளக்க முடிவதால் இது வெளியே தெரிந்தது. நிலத்தடி நீர் ஆய்வில் அப்படி ஒரு எண் கிடையாது. அவசரத்தில் எதை விட்டார்கள் என்பது கட்டுரையைப் படிக்கிறவருக்குத் தெரியாது.

எது விடுபடும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். மின்முனை வைத்து அளந்தால், சாம்பிளோடு சரிக்குச் சரி டிசாப் கரைசல் சேர்க்க வேண்டும். அது பிஎச்சை 5 முதல் 5.5க்குள் நிறுத்தும், அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்திருக்கும் ஃபுளோரைடை விடுவிக்கும். ஃபுளோரைடு அதிகமுள்ள தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. டிசாப் இல்லாமல் அளந்தால் ஹைட்ராக்சைடு அயனியையும் மின்முனை ஃபுளோரைடாகவே எண்ணி, அளவைக் கூட்டிக் காட்டலாம். உலோகங்களுக்காக நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலிலிருந்தே ஃபுளோரைடையும் அளந்தால் தவறு எதிர்ப்பக்கம் போகும். ஃபுளோரைடுக்குத் தனியாக, அமிலம் விடாத பிளாஸ்டிக் பாட்டில் வேண்டும். கண்ணாடி கூடாது. செறிவு பத்து மடங்கு ஏறினால் மின்முனை 54 முதல் 60 மில்லிவோல்ட் வரை மாற வேண்டும். மாறாவிட்டால் அன்றைக்கு அளக்காதீர்கள்.

இன்னொன்று பலரும் ஏமாறும் இடம். தண்ணீரில் கரைந்திருக்கும் நேர் அயனி, எதிர் அயனி கூட்டுத்தொகை 5 சதவீதத்துக்குள் பொருந்திவிட்டது, ஆகவே எங்கள் தரவு சரி என்று எழுதுவார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடு என்பது அயனிகளின் மின்னூட்டத்தை எண்ணும் அலகில் சுமார் 0.1 மில்லிஈக்விவலன்ட்தான். எதிர் அயனிகள் மொத்தம் 12 இருக்கும் தண்ணீரில் அது ஒரு சதவீதம்கூட வராது. ஃபுளோரைடு அளவு பாதியாகத் தவறினாலும் கூட்டல் பொருந்திக்கொண்டேதான் இருக்கும். ஃபுளோரைடைச் சோதிக்க வேறு வழி வேண்டும். 50 மில்லி சாம்பிளில் 100 மி.கி./லி. ஃபுளோரைடு கரைசலை அரை மில்லி விட்டால் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 1 மி.கி. ஏற வேண்டும். 0.9க்கும் 1.1க்கும் இடையில் ஏறியதா என்று பாருங்கள். பத்துக்கு ஒரு சாம்பிளை இரட்டையாக எடுத்து, எந்தக் கிணறு என்று தெரியாமல் அளக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் இரண்டு மூன்று நாள் வேலை. பேப்பர் எண்ணிக்கையில் இதற்கு மதிப்பெண் இல்லை என்பதால் முதலில் வெட்டப்படுவது இதுதான்.

அடுத்து வெட்டப்படுவது இரண்டாம் பருவம். மழைநீர் இறங்கினால் சில கிணறுகளில் ஃபுளோரைடு நீர்த்துப்போகும், சிலவற்றில் பாறையிலிருந்து கரைந்து ஏறும். இந்தியத் தர அளவின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. கோடையில் 1.3 காட்டிய கிணற்றுக்கு ஜனவரியில் என்ன வரும் என்று தெரியாமல் வரைபடத்தில் அந்த ஊரைப் பாதுகாப்பானது என்று பச்சை நிறத்தில் வரையக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் போர்வெல் தண்ணீரைப் புழங்கும் வீடுகள் உண்டு என்பது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

பெயர் சேர்க்கும் விஷயத்தில் உங்கள் கைடை மட்டும் திட்டிப் பயனில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் வைத்த 2018 விதிமுறையில் அறிவியல் கட்டுரைக்கு அடிப்படை 8 புள்ளி. இரண்டுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30. தனியாக ஒரு கட்டுரை எழுதுகிறவருக்கு 8. ஐந்து பேர் ஆளுக்கு ஒன்று எழுதி மற்ற நால்வர் பெயரையும் போட்டால் ஒவ்வொருவருக்கும் 5.6ம், நான்கு 2.4ம் சேர்த்து 15.2. உழைப்பு அதேதான், புள்ளி ஏறக்குறைய இரட்டிப்பு. கூட்டு சேரத் தூண்டும் கணக்கைப் போட்டுவிட்டு ஒழுக்கம் பேசுவது வேடிக்கை. இருந்தாலும் சாம்பிள் எடுத்தவர், அளந்தவர் யாரென்று கட்டுரையின் முடிவில் வேலைவாரியாக எழுதக் கேளுங்கள். சும்மா ஒட்டிக்கொள்ள வருகிறவர் அந்த வரியிலேயே தயங்குவார்.

மூன்றாகப் பிரிப்பது வேண்டாம். அதே 42 கிணறுகள் பிறகு, பல கட்டுரைகளின் தரவைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகளில் மூன்று முறை எண்ணப்படும். இரண்டு வார ஜர்னலும் வேண்டாம். "பட்டியலில் இருக்கிறது" என்ற வாதம் இனி எடுபடாது, ஏற்கத்தக்க ஜர்னல்கள் என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலையே அது 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. பெரிய பதிப்பகத்தின் பெயரும் காப்பு அல்ல. வைலியின் ஹிந்தாவி ஜர்னல்களில் 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறையில், ஆய்வேட்டைத் தருமுன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயமும் தேசிய அளவில் எடுக்கப்பட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கிறதா என்று அதன் விதிமுறையில் பாருங்கள். பயத்தில் பாதி அங்கேயே போய்விடலாம்.

போட்டி ஆராய்ச்சியை வளர்க்குமா என்றால், ஒரே கேள்வியை இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளந்து தரவைத் திறந்து வைத்தால் வளர்க்கும். எண்ணிக்கைக்கான ஓட்டம் அப்படி எதையும் செய்வதில்லை. மாதம் 37,000 ரூபாய் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்குகிறவர் ஒரு மழைக்காலம் காத்திருக்கலாம். உதவித்தொகை இல்லாத உங்களைப் போன்றவர்கள் தலையில்தான் அவசரம் ஏறுகிறது. இந்த அநியாயத்தை யாரும் பேசுவதில்லை.

அந்தக் குழுவின் கட்டுரையை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எடுத்த கிணறுகளில் ஐந்தாறை உங்கள் ஜனவரிச் சுற்றில் சேர்த்து, ஆழத்தையும் பம்பு ஓடிய நேரத்தையும் குறித்து அளந்தால், அவர்கள் பேப்பரே உங்கள் கட்டுரையின் ஒப்பீட்டு அட்டவணை ஆகிவிடும். கோடைத் தரவை இப்போதே தேதியோடு பிரீபிரின்ட்டாக, அதாவது ஜர்னலுக்கு முன்பே இணையத்தில் வைக்கும் வரைவாகப் போட்டுவிட்டால் முந்தியது யார் என்ற கவலையும் தீரும். கைடிடம் நேராக மறுக்க வேண்டாம். ஒவ்வொரு செமஸ்டரும் கூடும் ஆய்வு ஆலோசனைக் குழுவில், "மழைக்குப் பிந்தைய சாம்பிளுடன் ஒரே கட்டுரை" என்று திட்டத்தை வைத்து மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள். குழு ஏற்றுக்கொண்டதை அவர் தனியாக மாற்றுவது கடினம்.