பிரிண்ட்எஃப்பும் ரூட் அதிகாரமும்: திருகோணமலைக் கேள்விகளுக்குப் பதில்கள்

உப்புவெளியில் சனிக்கிழமை பின்னேரங்களில் சி மொழி படிக்கக் கூடுபவர்கள் போன கிழமை எழுதித் தந்த கேள்விகள் இவை. செட்யூஐடி நிரல் என்பது, யார் ஓட்டினாலும் அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு, பெரும்பாலும் கணினியில் முழு அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் அதிகாரத்தோடு, ஓடும் நிரல். பிரிண்ட்எஃப் சி மொழியில் அச்சிடும் செயற்கூறு; எப்படி அச்சிட வேண்டும் என்று அதற்குச் சொல்லும் எழுத்துத்தொடர்தான் ஃபார்மட் ஸ்ட்ரிங். செட்யூஐடி நிரல்களில் ஃபார்மட் ஸ்ட்ரிங் பிழை என்ன செய்யும் என்று பேசத் தொடங்கினோம், நேரம் போதவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி (உப்புவெளி, உயர்தரம் முடித்த தங்கச்சி): அண்ணா, பிரிண்ட்எஃப்புக்குள் மாறியை நேரே போட்டாலும் திரையில் சரியாகத்தானே வருகிறது. அதில் என்ன பிழை?

பதில்: சரியாக வருவதால்தான் இந்தப் பிழை வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது, தங்கச்சி. கோணேசர் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு கொடுக்கிறோம். பெயர் எழுதும் இடத்தில் ஒருவர் ‘திறப்பைக் கொடு’ என்று எழுதினாலும் ஐயர் அதைப் பெயராக வாசிப்பாரே தவிர திறப்பைக் கொடுக்கமாட்டார். பிரிண்ட்எஃப்பின் முதல் இடத்தில் வரும் எழுத்தையோ அது கட்டளையாக எடுத்துக்கொள்ளும். % குறியைக் கண்டால் அடுத்த மதிப்பைத் தேடிப் போகும். நீங்கள் மதிப்பே கொடுக்காவிட்டாலும் நிற்காது. 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் ஓடும் லினக்ஸ் என்றால், முதல் 5 மதிப்புகளுக்கு ரெஜிஸ்டர்களில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களில்) கிடப்பதையும், அதற்குப் பிறகு ஸ்டாக்கில் (செயற்கூறுகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகத்தில்) கிடப்பதையும் எடுக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சிறிய கணினிக் கூடத்துக்கு, யார் எந்தக் கோப்பை அச்சிட்டார்கள் என்று பதியும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். கோப்பின் பெயரை அப்படியே சிஸ்லாக்கிடம், அதாவது பிரிண்ட்எஃப் போலவே ஃபார்மட் ஸ்ட்ரிங் வாங்கிப் பதிவேட்டில் எழுதும் செயற்கூறிடம், கொடுத்திருந்தேன். மாதக்கணக்கில் ஒரு குறையுமில்லை. ஒருநாள் கடைக்காரர் ஒருவரின் மகன் கழிவு விலை விளம்பரத்தை அச்சிட வந்தார். கோப்பின் பெயர் 50 என்று தொடங்கி, % குறி வந்து, இடைவெளியில்லாமல் ‘சேல்’ என்று ஆங்கிலத்தில் தொடர்ந்தது. % குறியும் ஆங்கில எஸ்ஸும் ஒட்டிக்கொண்டால், ‘இந்த நினைவக முகவரியில் உள்ள சொல்லை அச்சிடு’ என்று பொருள். முகவரி என்று எதையோ எடுத்துப் படிக்கப் போய் நிரல் விழுந்தது. அந்த நிரலுக்கு நான் செட்யூஐடி ரூட் கொடுத்திருந்தேன் என்பதை நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை. திருத்தம் மிகச் சிறியது: மேற்கோளுக்குள் %எஸ் என்பதை முதலில் எழுதி, கோப்பின் பெயரை அடுத்த இடத்துக்குத் தள்ளினேன்.

கேள்வி (கிண்ணியா): செட்யூஐடி என்ற ஒன்று ஏன் இருக்கிறது? ஆபத்து என்றால் எடுத்துவிடலாமே.

பதில்: கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமென்றால், கடவுச்சொற்களின் விவரம் இருக்கும் ஷேடோ கோப்பில் எழுத வேண்டும். அதில் எழுதும் உரிமை ரூட்டுக்குத்தான். அதனால் கடவுச்சொல் மாற்றும் பாஸ்வேர்ட் கட்டளையை யார் ஓட்டினாலும் அது ரூட்டின் அதிகாரத்தோடு ஓடுகிறது. டென்னிஸ் ரிச்சியின் யோசனை இது, 1979இல் காப்புரிமையும் கிடைத்தது. நல்ல யோசனை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நிரலை ஓட்டுபவர் கொடுக்கும் பெயர், சூழல் மாறி (நிரலுக்கு வெளியிலிருந்து போகும் அமைப்பு மதிப்பு), தற்போதைய அடைவு எல்லாமே நம்பக்கூடாத கையிலிருந்து வருகின்றன.

கேள்வி (அதே நண்பர்): நிரல் விழுவது விளங்குகிறது. அதிலிருந்து ரூட் எப்படிக் கிடைக்கும்?

பதில்: %என் என்ற குறியால். அது எதையும் அச்சிடாது. இதுவரை எத்தனை எழுத்து அச்சிட்டாயிற்று என்ற எண்ணிக்கையை ஒரு முகவரியில் எழுதும். அச்சிடும் அகலத்தைக் கூட்டிக் குறைத்தால் அந்த எண்ணிக்கை கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். முகவரியும் தாக்குபவர் கையில் என்றால், நிரல் அடுத்து எங்கே போக வேண்டும் என்று நினைவகத்தில் எழுதியிருப்பதையே மாற்றலாம். அந்த நேரத்தில் நிரலின் செயற்படு பயனர் எண் 0, அதாவது ரூட். திசைமாறிப் போன நிரல் செய்வதெல்லாம் ரூட் செய்ததாகவே இயக்குதளத்தின் மையமான கேர்னல் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி (மூதூர்): இது 2000ஆம் ஆண்டுக் கதை அல்லவா? இப்போது யார் இப்படி எழுதுகிறார்கள்?

பதில்: 2000இல் கோப்புப் பரிமாற்றத்துக்கான டபிள்யூயூ எஃப்டிபி சேர்வரில் வந்ததுதான் பலரின் கண்ணைத் திறந்தது, உண்மை. ஆனால் 2012 ஜனவரியில், அனுமதி பெற்றவர்கள் ரூட்டாகக் கட்டளை ஓட்ட உதவும் செட்யூஐடி நிரலான சூடோவிலேயே வந்தது. 1.8.0 முதல் 1.8.3பி1 வரையான பதிப்புகளில், பிழைதிருத்தச் செய்தி அச்சிடும் செயற்கூறு, நிரலின் பெயரை முன்னால் ஒட்டி ஒரு புதிய ஃபார்மட் ஸ்ட்ரிங்கைக் கட்டியது. நிரலின் பெயர் எங்கிருந்து வருகிறது? ஓட்டுபவரிடமிருந்து. % குறி கொண்ட பெயரில் சூடோவுக்கு ஒரு இணைப்பை உருவாக்கி ஓட்டினால் போதும். சூடோவைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர்களின் சூடோயர்ஸ் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 1.8.3பி2இல் திருத்தினார்கள். எழுதியவர்கள் அனுபவசாலிகள். தன் நிரலின் பெயரே வெளியிலிருந்து வரும் உள்ளீடு என்பது அந்த ஒரு வரியில் தப்பிவிட்டது. அந்தத் திருத்தத்தை ஒருமுறை நீங்களே தேடி வாசியுங்கள்.

கேள்வி (நிலாவெளி): கம்பைலரே பிடித்துத் தராதா?

பதில்: ஜிசிசி கம்பைலரில் ஃபார்மட் செக்யூரிட்டி எச்சரிக்கையைப் போட்டு, அதைப் பிழையாகவே கருதச் சொல்லுங்கள். நேரடியான இடங்கள் அகப்படும். சூடோவில் போல ஸ்ட்ரிங்கை வேறிடத்தில் கட்டினால் தப்பலாம். ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் என்ற பாதுகாப்புத் தெரிவைப் போட்டிருந்தால், எழுதக்கூடிய நினைவகத்திலிருந்து வரும் ஸ்ட்ரிங்கில் %என் இருப்பதைக் கண்டதும் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி நிரலை நிறுத்திவிடும். ஆனால் ஸ்டாக்கை வாசித்து முகவரிகளைக் கசியவிடுவது அதிலும் நடக்கலாம். ஆகவே இதை நம்பி வரியைத் திருத்தாமல் விடாதீர்கள்.

கேள்வி (நகரில் ஒரு சேர்வர் நிர்வாகி): என் கணினியில் எவையெல்லாம் செட்யூஐடி என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: ஃபைன்ட் கட்டளையில் அனுமதி -4000 என்று, முன்னால் கழித்தல் குறி போட்டு, தேடுங்கள். அவற்றின் அனுமதிகளைப் பட்டியலிட்டால், ஓட்டும் உரிமையைக் காட்டும் எக்ஸ் வரவேண்டிய நாலாவது இடத்தில் எஸ் நிற்கும். தேவையில்லாததற்கு அந்த பிட்டை எடுத்துவிடுங்கள். வலையமைப்பைச் சோதிக்கும் பிங் போன்றவற்றுக்கு முழு ரூட் தேவையில்லை, வலையமைப்புக் கேப்பபிலிட்டி (ரூட் அதிகாரத்தின் ஒரு சிறு துண்டு) ஒன்றே போதும். பயனர்கள் எழுதும் வட்டுப் பகுதிகளை, செட்யூஐடி பிட் அங்கே செல்லாதபடி, நோசூயிட் என்று மவுண்ட் செய்யுங்கள்.

கேள்வி (ஒரு தம்பி): கம்பஸ் சேர்வரில் சும்மா சோதித்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அனுமதியில்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். உங்கள் மடிக்கணினியில் ஒரு மெய்நிகர் கணினி போட்டுப் பழகுங்கள். எங்கே சிக்கினாலும் என்னிடம் கேளுங்கள்.

கேள்வி (மென்பொருள்களைத் தமிழாக்கும் அக்கா ஒருவர்): தமிழில் வினை கடைசியில் வருவதால் இரண்டு %எஸ்களை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. அதில் ஆபத்து உண்டா?

பதில்: அருமையான கேள்வி, அக்கா. மொழிபெயர்ப்புக் கோப்பில் நீங்கள் எழுதும் வரி நேரே ஃபார்மட் ஸ்ட்ரிங்காகப் போகிறது. 2000இல் பல யூனிக்ஸ்களில் இதே வழியால் ஓட்டை வந்தது. செட்யூஐடி நிரல் எந்த மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறக்க வேண்டும் என்பதைச் சாதாரண பயனர் ஒரு சூழல் மாறியால் தீர்மானிக்க முடிந்தது. அவர் தன் சொந்தக் கோப்பைக் காட்டினார். இன்று செட்யூஐடி நிரல் தொடங்கும்போது இப்படியான மாறிகளை ஜிலிப்சி ஒதுக்கிவிடுகிறது. இடம் மாற்றுவதற்கு %2$எஸ், %1$எஸ் என்று எண் போட்டு எழுதுங்கள், தவறில்லை. எண்ணிக்கையும் வகையும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். எண்ணை அச்சிடும் %டி இருந்த இடத்தில் கைதவறி %எஸ் விழுந்தால் என் அச்சு நிரல் போலத்தான் விழும். மொழிபெயர்ப்புக் கருவியான கெட்டெக்ஸ்ட்டின் சரிபார்க்கும் தெரிவு இதைச் சட்டென்று காட்டிவிடும். கோப்பை அனுப்புமுன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.