ஆஸ்திரேலியாவில் ஹான்டோர்ஃப் என்று ஜெர்மன் பெயரில் ஓர் ஊர் எப்படி வந்தது?

அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம், தம் நாட்டு லூதரன் கிறிஸ்தவ சபையினர்மீது புதிய வழிபாட்டு முறையைத் திணித்தார். அதை ஏற்காதவர்களில் ஒரு பகுதியினர் ‘சீப்ரா’ கப்பலில் ஏறி, 1838 டிசம்பர் கடைசியில் தெற்கு ஆஸ்திரேலியாவில் இறங்கினார்கள். கப்பல் தலைவர் டிர்க் ஹான் அவர்களை இறக்கிவிட்டதோடு போய்விடவில்லை. நில உரிமையாளர்களிடம் பேசி அடிலெய்டு மலைப்பகுதியில் இடம் வாங்கித் தந்தார். நன்றி மறவாத மக்கள் 1839இல் அமைத்த ஊருக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். ‘டோர்ஃப்’ என்றால் சிற்றூர். அது பெராமங்க் பழங்குடியினரின் மண் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் மனத்தில் நிற்பவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்தான். காய்கறி, வெண்ணெய், முட்டையைச் சுமந்துகொண்டு நள்ளிரவில் புறப்பட்டு, மலைப்பாதையில் அடிலெய்டு வரை நடப்பார்கள். நகருக்குள் நுழையும் முன் ஓடையில் கால் கழுவிக் காலணி அணிந்துகொள்வார்களாம். திரும்பும்போது தேவாலயம் கட்ட ஆளுக்கு இரண்டு செங்கல் சுமந்து வந்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள்.

முதல் உலகப் போரின்போது எழுந்த ஜெர்மன் எதிர்ப்பில் ஊரின் பெயரை ‘ஆம்பிள்சைடு’ என்று அரசு மாற்றியது. உழைத்து உருவாக்கிய ஊரின் பெயரைப் பறித்தது பெரிய அநியாயம். 1935இல்தான் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. மரச்சட்டங்களுக்கிடையே சுவர் எழுப்பிய ஜெர்மன் பாணிப் பழைய வீடுகளை இன்றும் அங்கே காணலாம்.