மட்டக்களப்பில் கட்டடக்கலை மாணவர்கள் முதலில் எதைக் கற்க வேண்டும்?

வீட்டு வடிவமைப்பால் ஏழைகளுக்கு நியாயம் கிடைக்குமா, அதை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் வரைபடத்துக்கு முன்னால் வளவை, அதாவது வீட்டைச் சுற்றியுள்ள குடும்பக் காணியை, பார்க்கப் பழக்க வேண்டும்.

எங்கள் பக்கம், தமிழரிலும் சரி முஸ்லிம்களிலும் சரி, வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதுதான் வழக்கம். தாயின் வளவிலேயே மகளுக்கும் ஒரு வீடு எழும்பும், கிணறு பொது. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டத் தடை வந்தது, பிறகு தளர்ந்தது. தளர்வதற்கு முன்பே கடலை விட்டுத் தள்ளி உட்பக்கமாகக் கட்டிக் கொடுத்த வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்று கணவரின் பெயருக்கே போயின. மகளுக்கு ஓர் அறை இழுக்க இடமில்லை, வலை காயப்போட முற்றமில்லை. உள்ளே வைத்த குசினியில் விறகுப் புகை சுவரைக் கறுப்பாக்க, பெண்கள் பின்பக்கம் கிடுகால் இன்னொரு குசினி வேய்ந்துகொண்டார்கள். மாணவர்கள் முதலில் அளந்து வரைய வேண்டியது அந்தக் கிடுகுக் குசினியைத்தான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கட்டடக்கலைஞர்கள் சாமுவேல் மொக்பியும் டி. கே. ரூத்தும் 1993 இல் தொடங்கிய ரூரல் ஸ்டூடியோவில், ஆபர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் கிராமத்திலேயே தங்கி, அங்குள்ளவர்களுக்குத் தாங்களே வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளும் ஒரு தவணையாவது எங்கள் கரையோர ஊர்களான நாவலடியிலோ மருதமுனையிலோ தங்கி, வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுக் கேட்டு வரையட்டும்.